மருதாயியின் நீல ட்ரம்

விரலை மடக்கி, முட்டியால் ட்ரம்மின் வயிற்றில் ஒரு தட்டு. பிறகு காதை ஒட்டிவைத்துக் கேட்பது. கொஞ்சம் கீழே இறங்கி இன்னொரு தட்டு. "முக்காலுக்கு ஒரு சாணு கொறைச்சல்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த ட்ரம்முக்கு நகர்வாள் மருதாயி. பல் விளக்குவதற்கு முன்னால், அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால், புருஷன் முகத்தில் விழிப்பதற்கும் முன்னால் அவளுக்கு இந்த வேலை ஆகவேண்டும். மூடியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடாதா என்று ஒருநாள் வாயைக் கொடுத்துவிட்டேன். "தொறந்தா ஆவியாப் போயிடும் சார்" என்றாள். சொன்ன வேகத்தைப் பார்த்தால், அதுவரை அவளுடைய தண்ணீரையெல்லாம் ஆவியாக்கி அனுப்பியவனே நான்தான் என்று தோன்றியது.

அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் போகும் சாலையில், சிமென்ட் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில் அவளுடைய இட்லிக் கடை இருக்கிறது. எதிர்ப்பக்கத்து எடைமேடையில் பில் போடுகிறவன் நான். என்னை அவள் 'பில்லு சார்' என்பாள். கடைக்குப் பின்னால் புறம்போக்கில் தகரமும் தார்ப்பாயுமாக நெருக்கிக்கொண்டு நிற்கும் குடிசைகளுக்கு யாரும் முறையாகப் பெயர் வைக்கவில்லை. நாங்கள் பவுடர் நகர் என்கிறோம். கூரை, கொடியில் காயும் துணி, முருங்கை மரம், ஆடு எல்லாவற்றின் மேலும் சிமென்ட் தூசி வெள்ளையாகப் பூசியிருக்கும். மழை பெய்தால்தான் ஆட்டின் நிறம் தெரியும். பட்டா கிடையாது, ஆகவே குழாயும் கிடையாது. டேங்கர் லாரி வரும். எப்போது வரும் என்பது அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது.

மருதாயியின் கையில் இட்லி நன்றாக வரும், பொய் சொல்லக் கூடாது. சட்னி கேட்காமலேயே இன்னொரு கரண்டி விழும். பவுடர் நகர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் எட்டிப் பார்த்தால் ஆளுக்கு ஒரு இட்லியைக் கையில் திணித்து அனுப்புவாள். ஆனால் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டுப் பாருங்கள், தெரியும் சேதி. சாப்பிட்டவர்கள் கை கழுவும் இடத்தில் அவளே காவல் நிற்பாள். டம்ளரில் அவளே ஊற்றுவாள். "மொதல்ல நல்லா நக்கிடு தம்பி, அப்பறம் கழுவிக்க." நாமக்கல் டிரைவர் ஒருவர் இரண்டாவது டம்ளருக்குக் கையை நீட்டினார். "ஏன்யா, இட்லி தின்னியா, இல்ல நாத்து நட்டுட்டு வந்தியா?" என்று கேட்டாள். அந்த மனிதர் அதற்குப் பிறகு கரண்டி வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்.

அவளுடைய தண்ணீருக்கு ஓய்வே கிடையாது. அரிசி களைந்த தண்ணீர் கீரைக்கு, கீரை அலசிய தண்ணீர் பாத்திரத்தின் முதல் அலசலுக்கு, அது ஆட்டுக்கு, ஆடு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டால் கறிவேப்பிலைச் செடிக்கு. புருஷன் பூமாலை லோடு ஏற்றுகிறவர், நாள் முழுக்க சிமென்ட் மூட்டையோடு கிடக்கிற மனுஷன். அவருக்கும் அளவுதான். குளித்துவிட்டு வந்த பிறகும் காதோரம் வெள்ளையாகவே இருக்கும். கேட்டால் சிரிப்பார். அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. அந்த வீட்டில் பேச்சுக்கு இருக்கும் அளவெல்லாம் மருதாயியே எடுத்துக்கொண்டுவிட்டாள்.

அவள் பிறந்தது வேப்பந்தட்டைப் பக்கம், மானாவாரிக் காட்டில். மலையில் பெய்யும் மழையைத் தூரத்திலிருந்து பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள். "எங்கூருல மேகம் எக்ஸ்பிரஸ் பஸ்ஸு மாதிரி சார். நிக்காமப் போயிடும்" என்பாள். பெண் பார்க்க வந்த பூமாலையிடம் அவள் கேட்ட ஒரே கேள்வி, "உங்க வூட்டுலேருந்து தண்ணிக்கு எம்புட்டுத் தூரம்?" என்பதுதானாம். "லாரியில வூட்டு வாசலுக்கே வரும்" என்றிருக்கிறார் மாப்பிள்ளை. அந்த ஒரு வார்த்தையை நம்பிக் கழுத்தை நீட்டியதாக இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள். டேங்கர் வராத நாளில் பூமாலை வீட்டுப் பக்கமே தலைகாட்ட மாட்டார்.

இப்படிப்பட்டவளுக்கு ஜென்ம விரோதியாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பெயர் நர்மதா. கொசு ஒழிப்புக்காக வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஒப்பந்தப் பணியாளர். கையில் டார்ச் லைட், பையில் மருந்து பாட்டில். ட்ரம்முக்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பாள். புழு நெளிந்தால் தண்ணீரைக் கொட்டச் சொல்வாள். அவள் அதற்கு முன்னும் பின்னும் டெங்கு, காய்ச்சல், குழந்தைகள் என்று எவ்வளவோ சொல்வாள். மருதாயியின் காதில் விழுவது 'கொட்டு' என்ற ஒரு சொல் மட்டும்தான்.

"நல்ல தண்ணியில என்னாம்மா கொசு? கொசு சாக்கடையிலல்ல இருக்கும்?"

"இந்தக் கொசுவுக்கு நல்ல தண்ணிதான்க்கா புடிக்கும். சாக்கடைப் பக்கமே போவாது."

"அப்ப அதுவும் என்னைய மாதிரிதான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, ட்ரம்மின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள் மருதாயி. நர்மதா எவ்வளவு நேரம் நிற்பாள் பாவம். போய்விட்டாள்.

அடுத்த முறை ட்ரம்கள் மேல் பழைய சேலைகளெல்லாம் குவிந்திருந்தன. துவைக்க வைத்திருக்கிறாளாம். துவைக்கிறவளா அவள்! அதற்கும் அடுத்த முறை வாசலில் ஒரு தடுப்பைக் கட்டி, "உள்ள வராதம்மா, பொண்ணு வயசுக்கு வந்து உக்காந்திருக்கு" என்றாள். நர்மதா சங்கடப்பட்டுத் திரும்பிவிட்டாள். மறுமாதமும் அதே தடுப்பு, அதே வசனம்.

"ஏன்க்கா, அதே பொண்ணு மறுபடியுமா?"

"இது வேற பொண்ணு."

"ஒங்களுக்குப் பொண்ணே கெடையாதேக்கா. ஒரே பையன், திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொந்தக்காரப் பொண்ணு. ஒனக்கு எதுக்கும்மா எங்க குடும்ப விஷயம்?"

நான் எடைமேடையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன். லாரியின் எடையைத் தப்பாகப் போட்டு ஓனரிடம் திட்டு வாங்கியதும் உண்டு.

அப்போதுதான் ஆடி மாதத்தில் அந்தக் கூத்து நடந்தது. சுகாதார ஆய்வாளர் இராமலிங்கம் சாரே நேரில் வருகிறார், புழு இருந்தால் அவரே நின்று கவிழ்க்கச் சொல்வார் என்று காலையில் செய்தி பரவியது. மற்ற ட்ரம்களுக்கு மூடி இருந்தது. எல்லாவற்றிலும் பெரியதான நீல ட்ரம்முக்கு மட்டும் இல்லை. ஒரு கிளீனர் பையன் அதன் மேல் உட்கார்ந்து மூடியை இரண்டாக உடைத்துவிட்டிருந்தான். அதுதான் மருதாயியின் சேமிப்பு, பிக்சட் டெபாசிட். டேங்கர் வராமல் மற்றதெல்லாம் காலியானால்தான் அதைத் தொடுவாள். லாரிகளுக்கு நடுவே இராமலிங்கம் சாரின் வண்டி தெரிந்தது. மருதாயி சுற்றும் முற்றும் பார்த்தாள். சாம்பாருக்கு வைத்திருந்த மஞ்சள்தூளைக் கிண்ணத்தோடு எடுத்துக் குழைத்து ட்ரம்மின் வயிறு முழுக்க அப்பினாள். நடுவில் பெரிதாகக் குங்குமம். ட்ரம்மின் வாயை மூடிப் பழைய சிவப்புச் சேலையைக் கட்டி, அதில் வேப்பிலையைச் செருகி, எலுமிச்சம்பழத்தை அடியில் வைத்து, சூடத்தையும் கொளுத்திவிட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

இராமலிங்கம் சார் வந்தார். பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆடி மாசம், நல்லதும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். நர்மதா மட்டும் நின்றாள்.

"போன வாரம் இங்க சாமி இல்லையேக்கா?"

"போன வாரம் வரலம்மா. இப்பத்தான் வந்தா."

ஆடி முடிந்ததும் மஞ்சளைத் துடைத்துவிடலாம் என்பதுதான் மருதாயியின் திட்டம். ஆனால் பவுடர் நகர் சும்மா இருக்குமா? பக்கத்துக் குடிசை ஜெயசித்ரா மறுநாளே வந்து விளக்கேற்றினாள். அவள் சிமென்ட் சாக்குத் தைக்கிற வேலைக்குப் போகிறவள். புருஷன் லாரியோடு கேரளா போனால் திரும்பி வரப் பல நாள் ஆகும். அவளுடைய மகள் கீதாஞ்சலி, ஒன்றாம் வகுப்பு. முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு அதிகாரம் பண்ணிக்கொண்டு திரியும் பிள்ளை. அதுதான் கேட்டது, "பெரிம்மா, இந்தச் சாமிக்குப் பேரு என்ன?" மருதாயி இட்லித் தட்டைத் தூக்கிக்கொண்டே சொன்னாள், "பேரா... நீலமாத்தான இருக்கு. நீலாயின்னு வெச்சுக்க." மேலெல்லாம் மஞ்சளாக இருக்கும் சாமிக்கு நீலாயி என்று பெயர் வந்ததில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

அன்று முதல் கீதாஞ்சலிதான் பூசாரி. சீருடையோடு வந்து, ஆட்டுக் கழுத்து மணியைக் கழற்றி ஆட்டி, ஒரு பூவை வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகும். லாரி டிரைவர்கள் வண்டி எடுக்குமுன் நீலாயியைக் கும்பிட ஆரம்பித்தார்கள். "காலக் கழுவிட்டு வாங்க, சாமி குத்தமாயிடும்" என்று அவர்களைப் பிள்ளை விரட்டும். அடுப்படியிலிருந்து மருதாயி அலறுவாள். "காலக் கழுவவா? ஏய், துண்டால தொடச்சுட்டுக் கும்புடச் சொல்லு. நீலாயி ஒண்ணும் கோச்சுக்க மாட்டா!"

பிறகுதான் அவளுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. எல்லோரும் கும்பிடும் சாமிக்குள் சொம்பை விட்டு மொண்டு சட்னி அரைக்க முடியுமா? டேங்கர் வராத வாரம் ஒன்றில் அவள் நீல ட்ரம்மைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்தேன். கை நீளும், ஜெயசித்ரா தலை தெரியும், நீண்ட கை கன்னத்தில் போட்டுக்கொள்ளும். "என் தண்ணிய நானே கொண்டுபோயி ஜெயில்ல போட்டுட்டேன் சார்" என்று என்னிடம் புலம்பினாள். நான் சிரித்துத் தொலைத்தேன். அன்றைக்கு எனக்கு சட்னி ஒரு கரண்டிதான்.

மற்ற ட்ரம்களில் தண்ணீர் வந்தது, தீர்ந்தது, மறுபடி வந்தது. நீல ட்ரம்மில் மட்டும் ஆடியில் நின்ற தண்ணீர் ஐப்பசி வரையில் அப்படியே நின்றது. மேலே கட்டிய சிவப்புச் சேலை ஏற்கெனவே நைந்த சேலை. அதில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருந்தன. கொசு நுழைய அவ்வளவு வேண்டாம்.

ஐப்பசி மழையில் பவுடர் நகரின் ஆடுகளுக்கெல்லாம் நிறம் வந்தது. கூடவே காய்ச்சலும் வந்தது. பிள்ளைகள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்தன. புகை அடிக்கும் மிஷின் வந்தபோது எப்போதும் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடும் கூட்டத்தில் பாதியைக் காணோம். மற்றப் பிள்ளைகள் ஒருவழியாக எழுந்து உட்கார்ந்தன. கடைசியாகக் கீதாஞ்சலி படுத்தது. மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையைக் கொடுத்துவிட்டு, ஜெயசித்ரா நீலாயியின் சிவப்புச் சேலை நுனியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து தீர்த்தம் என்று பிள்ளையின் நெற்றியில் தெளித்துக்கொண்டிருந்தாள். மருதாயி அதைப் பார்க்க நேர்ந்த அன்று இட்லியில் உப்புப் போட மறந்துவிட்டாள்.

காய்ச்சல் ஒருநாள் காலையில் விட்டுவிட்டது. பவுடர் நகரே நீலாயிக்குப் பொங்கல் வைக்கக் கிளம்பியது. ஆனால் பிள்ளை எழுந்திருக்கவில்லை. வயிறு வலிக்கிறது என்று சுருண்டு கிடந்தது. வாந்தி எடுத்தது. கை கால் சில்லென்று இருந்தது. "காச்சல் விட்ட அசதி, அப்படித்தான் இருக்கும்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அந்த நேரத்தில்தான் நர்மதா டார்ச்சோடு வந்தாள். பிள்ளையின் கையைத் தொட்டவள் முகம் மாறிப்போனது.

"அக்கா, இந்தக் காச்சல் விட்டப்புறந்தான் ஆபத்தே. வயித்து வலி, வாந்தின்னா ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்குங்க."

ஜெயசித்ரா மகளை மடியில் இறுக்கிக்கொண்டாள். "நீலாயிகிட்ட ஒப்படைச்ச புள்ள. அவதான் காச்சல எறக்குனா. அவ உத்தரவு இல்லாமத் தூக்கிட்டுப் போனா சாமி குத்தமாயிடும். பூக்கேட்டுட்டுப் போறேன்."

சாமியின் மேல் பூவை வைத்துக் காத்திருப்பது. வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு. ஒரு செம்பருத்தியை எடுத்து ட்ரம்மின் மேல்விளிம்பில், மஞ்சளில் வைத்தார்கள். ஆடியிலிருந்து அப்பி அப்பி அந்த மஞ்சள் விரல் கனம் ஏறியிருந்தது. மழை ஈரம் வேறு. பூ ஒட்டிக்கொண்டுவிட்டது. வலப்பக்கமும் விழவில்லை, இடப்பக்கமும் விழவில்லை. கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பூவையே பார்க்கிறது. பிள்ளை மடியில் துவண்டு கிடக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பூவை நானே ஊதித் தள்ளியிருப்பேன்.

கரண்டியும் கையுமாக மருதாயி ஓடி வந்தாள். "அடியே, அது சாமி இல்லடி, ட்ரம்முடி! பெரம்பலூர்ச் சந்தையில நான் வெல பேசி வாங்குன ட்ரம்மு! இராமலிங்கம் சாருக்குப் பயந்து மஞ்சா அப்புனவ நானு! நம்புடி!"

ஜெயசித்ரா அவளைப் பார்த்துக் கண்ணீரோடு கும்பிட்டாள். "சாமியச் சொமக்குறவங்க அப்படித்தான்க்கா சொல்லுவாங்க. ஒங்களுக்கு அடக்கம்."

"அடக்கமா? எனக்கா?" மருதாயி திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். வாழ்நாளில் யாரும் அவள்மேல் அப்படியொரு பழியைப் போட்டதில்லை.

பிள்ளை மறுபடி வாந்தி எடுத்தது. மருதாயி அதைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே போட்டாள். கொண்டையை அவிழ்த்தாள். "ஏஏஏய்!" என்று அவள் போட்ட கூச்சலில் எடைமேடை மேல் நின்ற லாரியின் டிரைவர் கதவைத் திறந்துகொண்டு குதித்தார்.

"உத்தரவா கேக்குற, உத்தரவு? மூச்சு முட்டுதுடி எனக்கு! எத்தன நாளா ஒரே தண்ணியில நிக்க வெச்சிருக்கீங்க? என் வவுத்துல புழு நெளியுதுடி!" தலை சுழன்றது, முடி சுழன்றது. கூட்டம் தரையில் விழுந்தது. "புள்ளையத் தூக்குடி! ஆட்டோவுல ஏத்துடி! பெரியாஸ்பத்திரிக்குப் போ! ஒனக்கு முன்னாடி நான் அங்க போயி வாசல்ல நிக்கிறேன்!"

ஜெயசித்ரா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். பூமாலை முன்னால் ஓடி ஆட்டோவை மறித்தார். புழுதியும் சேறுமாக ஆட்டோ கிளம்பிப் போனது. சாமி அத்தோடு மலையேறியிருக்கலாம். மருதாயியும் மூச்சு வாங்கிக்கொண்டு உட்காரத்தான் பார்த்தாள். நர்மதா விடவில்லை. ஒரு வருஷமாகத் துரத்தியடிக்கப்பட்டவள் அல்லவா! டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகூப்பி முன்னால் வந்து நின்றாள்.

"தாயே! மத்த ட்ரம்மையெல்லாம் என்ன பண்ணணும் தாயே?"

சாமியின் ஒரு கண் திறந்தது. நர்மதாவை முறைத்தது. பிறகு அந்தக் கண் மெதுவாகத் தன் கடைப் பக்கம் போய், வரிசையாக நின்ற ட்ரம்களைப் பார்த்தது. டேங்கர் வந்தது முந்தின நாள்தான். எல்லாம் விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தன. கூட்டம் காத்திருந்தது. நானும் காத்திருந்தேன்.

"கவுத்துங்கடி" என்றாள். குரல் பாதியில் உடைந்தது.

"எல்லாத்தையுமா தாயே?"

"எல்லாத்தையுந்தான்!"

"கவுத்துட்டு தாயே?"

"தேங்கா நாரு போட்டுத் தேய்க்கணும்! உள்பக்கம் ஓரத்துல முட்ட ஒட்டிக்கிட்டிருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது! காய வெச்சுத்தான் தண்ணி புடிக்கணும்! மூடி போடணும்! மூடி இல்லாதவ நல்ல துணியா, ஓட்டையில்லாத துணியா இறுக்கிக் கட்டணும்! லாரி டயர வெளியில போடாத! செரட்டையக் கவுத்துப் போடு!"

அடேயப்பா! நர்மதா சொன்னதெல்லாம் காதிலேயே விழாதது போல உட்கார்ந்திருந்தவள், ஒன்று விடாமல் கேட்டு வைத்திருக்கிறாள்.

"எத்தன நாளைக்கு ஒருக்கா தாயே?"

"தெனமும்!"

"தாயே, வாரத்துக்கு ஒருக்கா போதும் தாயே."

"சரி, வாரத்துக்கு ஒருக்கா!"

முதலில் நீலாயியின் சேலையை அவிழ்த்தார்கள். நர்மதா டார்ச் அடித்தாள். ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தோம். உள்ளே தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்து கிடந்தது. அதில் வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியை நோக்கி ஓடின. நாலு பேர் சேர்ந்து ட்ரம்மைக் கவிழ்த்தார்கள். அப்புறம் சாமி வாக்காயிற்றே என்று பக்தியோடு மருதாயியின் ட்ரம்களிலிருந்தே ஆரம்பித்தார்கள். தண்ணீர் கடையைத் தாண்டி, சாலையோரத்துக்கு வந்து, லாரிச் சக்கரங்களுக்கு அடியில் ஓடியது. தலைவிரி கோலமாக நின்ற மருதாயியின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. சாமி உருகுகிறாள் என்று கும்பிட்டார்கள். அழுதது யார் என்று எனக்குத் தெரியும்.

தண்ணீர் இல்லாததால் கடை திறக்கவில்லை. திறந்தாலும் மருதாயி அங்கே இருந்திருக்க மாட்டாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வராண்டாவில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. ரத்தத்தை எடுத்து எடுத்துப் பார்க்கிறார்கள், இன்னும் எதுவும் சொல்லவில்லை என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதே கிடையாது.

"பில்லு சார், அந்த ட்ரம்முக் கொசுதான் கடிச்சிருக்குமா?"

இதையே நான் நர்மதாவிடம் கேட்டிருந்தேன். "எந்தக் கொசு எந்த ட்ரம்முலேருந்து வந்துச்சுன்னு யாரு சார் சொல்ல முடியும்? பாதி வூட்டு ட்ரம்முல புழு இருந்துச்சு" என்றிருந்தாள். அதை அப்படியே சொன்னேன்.

"இருந்தாலும் என்னோடதுதான சார் பெரிய ட்ரம்மு" என்றாள்.

நர்ஸ் வந்து பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரும் கஞ்சியும் கொடுக்கலாம் என்றார். மருதாயி உள்ளே ஓடினாள். ஜெயசித்ராவின் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு பிள்ளையின் தலையைத் தாங்கினாள். "குடி ஆத்தா. இன்னொரு வாய் குடி. இன்னும் கொஞ்சம். பெரிம்மா நெறைய வெச்சிருக்கேன், குடி ஆத்தா."

பிள்ளை பிழைத்துக்கொண்டது. இப்போது பவுடர் நகரில் வெள்ளிக்கிழமை என்றால் நீலாயி நாள். குடிசைக்குக் குடிசை ட்ரம்மைக் கவிழ்த்து நார் போட்டுத் தேய்க்கிற சத்தத்தில் என்னால் லாரிக்காரர்களிடம் பேச முடிவதில்லை. அதற்குத் தோதாக வியாழக்கிழமைக்குள் தண்ணீரைச் செலவழித்துத் தீர்க்க மருதாயி படும் பாடு இருக்கிறதே, அதைத் தனியாக எழுதவேண்டும். பூமாலைக்கு வியாழக்கிழமை மட்டும் தாராளக் குளியல். பாதி ஊருக்கு அவர் மாநிறம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. நீல ட்ரம்முக்குப் புது மூடி வந்துவிட்டது. இராமலிங்கம் சார் இன்னும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதனருகே போகிறார். நர்மதா வந்தால் மருதாயியே மூடியைத் திறந்து காட்டுவாள், முறைத்துக்கொண்டே. டார்ச் அணைந்ததும் இட்லித் தட்டு நீளும். கை கழுவ மட்டும் அவளுக்கும் அரை டம்ளர்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கீதாஞ்சலி முதன்முதலாகக் கடைக்கு வந்த காலையில் நானும் இருந்தேன். புறங்கையில் ஊசி குத்திய இடம் கன்றியிருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. அதிகாரம் மட்டும் குறையவில்லை. சட்னி போதாது என்று சண்டை போட்டு வாங்கி, சாப்பிட்டு, "போதும் பெரிம்மா, வயிறு ரொம்பிடுச்சு" என்று தட்டைத் தள்ளியது. மருதாயி அடுப்படியை விட்டு எழுந்து வந்தாள். பிள்ளைக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். விரலை மடக்கி, பூப்போல, முட்டியால் அதன் வயிற்றில் ஒரு தட்டு. காதை ஒட்டிவைத்துக் கேட்டாள். பிள்ளை கூச்சத்தில் நெளிந்து சிரித்தது. கொஞ்சம் கீழே இறங்கி இன்னொரு தட்டு.

"பொய்யி. முக்காலுக்கு ரெண்டு வெரக்கட கொறைச்சலா இருக்கு" என்று சொல்லிவிட்டு, இன்னொரு இட்லியை வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை விளிம்பு தளும்பத் தளும்ப ஊற்றி வைத்தாள்.